தோற்காத அணி, போகாத ஆட்டம்

விளையாட்டிலே வென்றவர்களின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைக்கின்றது. அவர்கள் பெற்ற கேடயங்கள் கல்லூரி மண்டபங்களின் கண்ணாடி அலுமாரிகளில் வரிசையாக நிற்கின்றன. ஆயின், ஆடாமல் விட்ட ஓர் ஆட்டத்திற்காகவே ஓர் அணி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நினைவுகூரப்படுகின்றது என்றால் வாசகர்கள் வியப்படைதல் கூடும். அவ்வணி, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சன்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியாகும். ஆண்டு 1951. அவ்வாண்டு அது ஆடிய ஆட்டங்கள் ஒன்பது, வென்றவையும் ஒன்பது. பத்தாவது ஆட்டம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனை ஆடுவதற்கு அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை யாது, அதனைக் கொடுக்க மறுத்ததனால் அவர்கள் இழந்தது யாது என்பவற்றையே இவ்வாரம் எடுத்துக் கூற விரும்புகின்றோம். மாணவ நண்பர்கள் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று.

முட்டை வடிவப் பந்து

அமெரிக்கர் 'புட்போல்' எனக் கூறும் ஆட்டம் நம்மவர் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நம் நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் ஆடப்பெறும் றகர் ஆட்டத்திற்கே அது நெருங்கிய உறவுடையது. பந்து முட்டை வடிவானது. கட்சிக்குப் பதினொருவர். தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்தே களத்தில் இறங்குவர். மைதானத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் கட்சியினர் நான்கு முயற்சிகளுக்குள் 10 யாராவது முன்னேறுதல் வேண்டும்; தவறினால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பந்தை ஏந்திச் சென்று எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். உடல் வலிமையோடு உடல் மோதும் ஆட்டமாகையால், பக்கத்திலே நிற்கும் தோழனை நம்பாதவன் அதில் ஒரு நாழிகையும் நிலைக்க முடியாது.

அக்காலத்தில் செப்டெம்பரில் தொடங்கி நவம்பர் இறுதியோடு கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் முடிவடைந்தன. அதன் பின்னர் அவ்வாண்டிற் சிறந்து விளங்கிய அணிகளைத் தெரிந்து, புத்தாண்டுத் தினத்தை ஒட்டிப் பெரு நகரங்கள் சில விருந்தினராக அழைப்பது வழக்கமாயிருந்தது. இவ்வாட்டங்களுக்குக் 'கிண்ண ஆட்டம்' என்று பெயர். கலிபோர்னியாவின் பசடேனா நகரிலே கிண்ணம் போன்ற வடிவுடைய விளையாட்டரங்கு ஒன்று உண்டு. ரோசாக் கிண்ணம் என்பது அதன் பெயர். அதைப் பார்த்து ஏனைய நகரங்களும் தத்தம் நாட்டு விளைபொருள்களின் பெயரால் கிண்ணங்களை ஏற்படுத்திக்கொண்டன. டெக்சசில் பருத்திக் கிண்ணம். நியூ ஓர்லியன்சில் சீனிக் கிண்ணம். புளோரிடாவின் மயாமி நகரில் தோடம்பழக் கிண்ணம். இவற்றிற்கு அழைக்கப்படுவது ஒரு கல்லூரிக்குப் பெரும் புகழ். அதனோடு பெரும் பணமும் கூட.

சிறிய கல்லூரி, பெரிய அணி

சன்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855ஆம் ஆண்டில் இயேசு சபைத் துறவிகளால் நிறுவப்பட்டது. மட்டக்களப்பிலே கல்வித் தொண்டாற்றி நம்மவர்க்கு நன்கு அறிமுகமான அதே சபையினர்தாம் அவர்கள். 1951இல் அங்குப் பயின்ற மாணவர் ஆயிரத்துச் சில நூற்றுவரே. அருகிலிருந்த ஸ்டான்போர்ட், கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆகிய பெரு நிறுவனங்களோடு ஒப்பிடுமிடத்து இது யானைகளுக்கிடையே நின்ற மான் கன்றாகும். அவ்விரு பெரியவர்களும் அவ்வாண்டு இச்சிறியவரோடு ஆடவில்லை. எனவே ஆட்ட அட்டவணையை நிரப்புவதற்குக் கடற்படைப் பயிற்சி முகாம், கடற்போர் வீரர் முகாம் ஆகியவற்றின் அணிகளையும் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

பயிற்சியாளர் ஜோ குகாரிச் என்பவர். வயது முப்பத்து நான்கு. கடுமைக்குப் பெயர் போனவர். கோடை விடுமுறை முடியுமுன்னரே தம் ஆட்டக்காரர்களைக் கலிபோர்னியாவின் வடபகுதியிலுள்ள கோர்னிங் என்னும் வெப்பமும் தூசியும் நிறைந்த சிற்றூருக்குக் கொண்டு சென்று, வெயிலிலே வாட்டி எடுத்தார். அங்கு வாடியவர்களுட் பலர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். ஜினோ மார்க்கெற்றி என்பவர் இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மைந்தர். பதினெட்டுப் பத்தொன்பது வயதிலேயே இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியப் போர்முனையில் நின்று மீண்டவர். பொப் சென் கிளேயர் ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள இளைஞர்.

இவர்களோடு தோளொட்டி நின்ற கறுப்பினத்து வாலிபர் இருவர். ஒருவர் ஒல்லி மற்சன், டெக்சசிற் பிறந்தவர். மற்றவர் பேர்ல் டோலர். தெனசி மாகாணத்து மெம்பிஸ் நகரத்தவர். பிறந்த மாகாணங்கள் இரண்டும் வெள்ளையர்க்கொரு பள்ளியும் கறுப்பர்க்கொரு பள்ளியும் என வகுத்து வைத்திருந்த தென்னாட்டு மாகாணங்கள். இருவரும் சன்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியிலே ஒன்றாக ஆடி, ஒன்றாகவே பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். மற்சன் பந்தை ஏந்தி ஓடுவதில் ஈடிணையற்றவர். டோலரோ ஓடி வருபவரைத் தடுத்து வீழ்த்துவதில் வல்லவர்.

ஒன்பது வெற்றிகள்

பருவம் தொடங்கிய நாள்முதலாக வெற்றி மேல் வெற்றியாக வந்தது. ஒக்டோபரில் அமெரிக்காவின் மறுகரையிலுள்ள நியூயோர்க்கிற்குச் சென்று, போர்டாம் பல்கலைக்கழகத்தை 32 இற்கு 26 என வென்றனர். அந்தப் பருவத்தில் அவர்கள் திணறிய ஆட்டம் அதுவே. எதிரி உதைத்தனுப்பிய தொடக்கப் பந்தைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ மைதானம் முழுவதையும் கடந்து எல்லைக் கோட்டை அடைந்தார் மற்சன். ஒருமுறையன்று, அதே ஆட்டத்தில் இருமுறை. நவம்பர் நடுப்பகுதியில், ஸ்டொக்டன் நகரிலே, பலம் வாய்ந்த பசிபிக் கல்லூரியை 47 இற்கு 14 என வீழ்த்தினர். இறுதியாக லொயோலாவை 20 இற்கு 2 என வென்றபோது பருவம் தோல்வியின்றி நிறைவெய்தியது.

அவ்வாண்டில் மற்சன் ஓடிக் கடந்த தூரம் 1,566 யார். கல்லூரி ஆட்டக்காரருள் நாட்டிலேயே முதலிடம் அது. எனினும் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்கு வழங்கப்படும் ஹைஸ்மன் பரிசின் வாக்கெடுப்பில் அவர்க்குக் கிடைத்தது ஒன்பதாம் இடமே.

வெற்றிகள் குவிந்தன, பணம் குவியவில்லை. ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் அமரக்கூடிய கீசர் அரங்கிலே வெற்று ஆசனங்களே பெரும்பாலும் அவர்களுடைய ஆட்டத்தைக் கண்டுகளித்தன. உதைபந்தாட்டத்தினால் பல்கலைக்கழகத்திற்கு ஆண்டுதோறும் நட்டம். இயேசு சபையாரின் வேறு கல்லூரிகளும் சிறிய கல்லூரிகள் பிறவும் இதே காரணத்தால் அக்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வாட்டத்தைக் கைவிட்டு வந்தன. பெரிய கிண்ண ஆட்டமொன்றின் வரும்படி கைக்கு வந்தால் அணி பிழைத்துக்கொள்ளும். இதனை ஆட்டக்காரர்களும் அறிந்திருந்தனர், பயிற்சியாளரும் அறிந்திருந்தார்.

வாய்மொழியாக வந்த நிபந்தனை

மயாமியின் தோடம்பழக் கிண்ணத்திலிருந்து அழைப்பு வரக்கூடும் என்ற செய்தி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அணி வரலாம், மற்சனும் டோலரும் வருதல் கூடாது.

அக்காலத்து நிலையை இளம் வாசகர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது சட்டத்திற்கு முரணன்று என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1896ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. பாடசாலைகளைப் பொறுத்தவரை அத்தீர்ப்பு 1954 வரை மாற்றப்படவில்லை. தென் மாகாணங்களிலே பள்ளிக்கூடம், உணவுச்சாலை, பேருந்து, தண்ணீர்க் குழாய் யாவும் வேறு வேறாகவே இருந்தன. விளையாட்டு மைதானத்திற்கு எழுதப்படாத சட்டமொன்று இருந்தது. வடக்கேயிருந்து வரும் அணியில் கறுப்பினத்தவர் இருந்தால் அவரை வீட்டில் விட்டுவிட்டு வருவதே 'கண்ணியமான உடன்பாடு' எனப்பட்டது! கொடுமைக்குக் கண்ணியம் என்று பெயரிடுவதிலே மனிதன் எக்காலத்தும் வல்லவனாயிருக்கின்றான்.

இவ்வுடன்பாட்டிற்கு இணங்கியோரும் உளர், இணங்காதோரும் உளர். பொஸ்டன் கல்லூரி 1940இல் பருத்திக் கிண்ணத்திற்கும் 1941இல் சீனிக் கிண்ணத்திற்கும் சென்றது. அதன் கறுப்பின ஆட்டக்காரராகிய லூ மொன்ட்கோமரி அவ்விரு ஆட்டங்களிலும் களம் இறங்கவில்லை. அதுவும் இயேசு சபையாரின் கல்லூரியே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மாறாக, பென்சில்வேனியா மாகாணக் கல்லூரி 1946இல், தன் கறுப்பின ஆட்டக்காரர் இருவரை விட்டுவிட்டு மயாமிக்குச் செல்ல மறுத்து, குறித்திருந்த ஆட்டத்தையே கைவிட்டது.

ஒன்றாய்ச் செல்வது மட்டும் போதாது, உயிர்க்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் அந்தப் பருவமே காட்டிற்று. 1951 ஒக்டோபரில் ஒக்லகோமாவிலே, டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜொனி பிறைற், பந்து தம்மிடம் இல்லாத வேளையிலே முகத்தில் தாக்கப்பட்டுத் தாடையெலும்பு முறிந்தார். அதனைப் படம்பிடித்த பத்திரிகைப் புகைப்படக்காரர் இருவர்க்கு அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய காலத்திலேதான் மயாமியின் நிபந்தனை அந்த இளைஞர்களின் முன் வைக்கப்பட்டது. எழுத்திலன்று, வாய்மொழியாகவே அது வந்தது. அணியிலிருந்தவர்கள் முதுமையில் நினைவுகூர்ந்தவாறு, நீண்ட விவாதம் எதுவும் நிகழவில்லை. இருவரும் இன்றி நாம் போவதில்லை என்பதே அனைவரதும் விடை. அத்துடன் அவர்களுடைய பருவம் முடிவடைந்தது.

இதிலே ஒரு நுட்பத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மயாமிக்காரர் தாமே வாயிலில் நின்று அவ்விருவரையும் தடுத்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. தடுக்கும் வேலையைத் தோழர்களின் கையிலேயே ஒப்படைத்தனர். ஒன்பது ஆட்டங்களிலும் யாருடைய ஓட்டத்தினால் வென்றார்களோ, யாருடைய தோள் தமக்கு அரணாக நின்றதோ, அவரைப் பார்த்து 'நீ இங்கேயே இரு' என்று சொல்ல வேண்டியவர்கள் அவருடைய நண்பர்கள். கதவை அடைப்பவன் அந்நியனாயின் அந்தப் புண் ஆறும். உடன் உண்டு உடன் உறங்கியவன் அடைத்த கதவை யார் மறப்பார்? நிபந்தனையின் நஞ்சு இங்கேயே இருந்தது. அந்த இளைஞர்கள் இதனைத் தத்துவமாக ஆராய்ந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கோர்னிங்கின் தூசியிலே ஒன்றாகப் புரண்டவர்களுக்கு அது ஆராயாமலே விளங்கியிருக்கும்.

கொடுத்த விலை

நன்மை செய்தவர்க்கு உடனே நற்பலன் கிட்டுவதாகக் கதை முடிப்பது எளிது. உண்மை அவ்வாறு முடியவில்லை. 1952 புத்தாண்டுத் தினத்தில் மயாமி அரங்கிலே ஜோர்ஜியாத் தொழினுட்பக் கழகமும் பெய்லர் பல்கலைக்கழகமும் ஆடின. சன்பிரான்சிஸ்கோவிடம் 47 இற்கு 14 எனத் தோற்ற பசிபிக் கல்லூரி கூட எல் பாசோ நகரின் சூரியக் கிண்ணத்திற்கு அழைக்கப்பட்டது. டெக்சசிலுள்ள அந்நகரில் நிறத்தடை அதற்குள் தளர்ந்திருந்தது, மயாமியிலே தளரவில்லை. தோல்வியே அறியாத அணி வீட்டிலிருந்தது. அப்பருவத்தோடு, நட்டத்தைத் தாங்க இயலாத பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தையே நிறுத்திவிட்டது. பின்னாளிற் சிறிய அளவில் மீண்டும் ஆடிப் பார்த்ததுண்டு. பழைய நிலை திரும்பவில்லை. அந்த இளைஞர்கள் 'இல்லை' என்று கூறியபோது ஓர் ஆட்டத்தோடு தங்கள் அணியின் ஆயுளையும் பணயம் வைத்தனர்.

அணி கலைந்தது, ஆட்கள் ஓங்கினர். பயிற்சியாளர் குகாரிச் சிக்காகோ கார்டினல்ஸ் என்னும் தொழின்முறை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். மற்சனும் அதே அணியிற் சேர்ந்தார். சேருமுன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிலே 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கமும், அஞ்சலோட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். 1959இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணி அவர் ஒருவரைப் பெறுவதற்கு ஒன்பது பேரை ஈடாகக் கொடுக்க இசைந்தது என்றால் அவருடைய மதிப்பைக் கூறவும் வேண்டுமோ? மார்க்கெற்றி போல்ற்றிமோர் அணியில் ஒப்பற்ற தடுப்பு வீரரானார். சென் கிளேயர் சன்பிரான்சிஸ்கோவின் தொழின்முறை அணியில் ஆடியதோடு, டேலி சிற்றி என்னும் நகரின் மேயராகவும் விளங்கினார். இம்மூவரும் தொழின்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். அணியின் விளம்பர வேலைகளைக் கவனித்த பீற் றொசெல் என்ற இளைஞர் 1960 முதல் 1989 வரை தேசிய உதைபந்தாட்டச் சங்கத்தின் ஆணையாளராகப் பணியாற்றினார்.

டோலரின் வாழ்வு

இவர்களுள் நம் உள்ளத்தை மிகவும் கவர்பவர் பேர்ல் டோலரே. தொழின்முறை ஆட்டத்தில் அவர் கால்வைக்குமுன்னரே, 1952இல் நடந்த கல்லூரி வீரர்களின் சிறப்பு ஆட்டமொன்றில் முழங்கால் முறிவுற்றது. ஆட்டக்காரராகும் கனவு அன்றோடு கலைந்தது. கிண்ண ஆட்டமும் இல்லை. தொழின்முறை ஆட்டமும் இல்லை. வேறொருவராயின் விதியை நொந்து மூலையில் அமர்ந்திருப்பர். டோலர் ஆசிரியரானார். 1968இல் சன்பிரான்சிஸ்கோவின் இடைநிலைப் பாடசாலையொன்றிற்கு அதிபரானார். அந்நகரில் அத்தகைய பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

ஆட முடியாத களத்திற்கு அவர் வேறு வழியால் திரும்பி வந்தார். 1965இல் தேசிய உதைபந்தாட்டச் சங்கம் அவரை மத்தியஸ்தராக நியமித்தது. அமெரிக்காவின் பெரிய தொழின்முறை விளையாட்டுக்கள் எதிலும் அதற்கு முன்னர் கறுப்பினத்தவர் ஒருவர் மத்தியஸ்தராக இருந்ததில்லை. நியமனம் நடந்த காலத்தில் ஆணையாளராயிருந்தவர், 1951இல் அவருடைய கல்லூரி அணியோடு உழைத்த அதே றொசெல். 1980 ஜனவரியில், ஆண்டின் மாபெரும் இறுதி ஆட்டத்திலும் டோலர் மத்தியஸ்தராகக் கடமையாற்றினார். மயாமிக்கு வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர், யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று தீர்ப்புக் கூறும் இடத்தில் நின்றார். இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணியில் இருந்து, 2009இல் காலமானார்.

தென்னாட்டுக் கதவுகளும் மெல்ல மெல்லத் திறந்தன. 1956இல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் பொபி கிறையர் சீனிக் கிண்ணத்தில் ஆடிய முதற் கறுப்பினத்தவரானார். எதிர்த்தாட வேண்டிய அணி ஜோர்ஜியா மாகாணத்தைச் சேர்ந்தது. அது ஆடக்கூடாது என்று அம்மாகாண ஆளுநரே தடுக்க முயன்றார். மாணவர்கள் கொதித்தெழுந்தனர், ஆட்டம் நடந்தது.

சன்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்றிற்கு முன்னர் ஜேம்ஸ் பேலன் என்பவரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அவர் அந்நகரின் மேயராகவும் அமெரிக்க மேற்சபை உறுப்பினராகவும் இருந்தவர். ஆசியர் குடியேற்றத்தை எதிர்த்து, கலிபோர்னியா வெள்ளையர்க்கே உரியதாயிருத்தல் வேண்டும் என்று பிரசாரம் செய்தவருங்கூட. மாணவர்கள் அப்பெயரை ஏற்க மறுத்தனர். 2017இல் அவ்விடுதிக்குப் பேர்ல் டோலரின் பெயர் சூட்டப்பட்டது.

நம் பிள்ளைகளும் கல்லூரி அணிகளில் ஆடுகின்றனர். போட்டிக்குப் புறப்படும் மகனை நோக்கி 'வென்று வா' என்று வாழ்த்துகின்றோம். மாலையில் 'எத்தனை புள்ளி?' என்று வினவுகின்றோம். உன் அணியில் ஒருவனை, அவன் பிறப்பின் காரணமாகவோ ஏழ்மையின் காரணமாகவோ, விட்டுவிட்டு வா என்று யாரேனும் ஒருநாள் கேட்கக்கூடும் என்பதை அவனுக்குச் சொல்லி வைப்பவர் எத்தனைபேர்? அவ்வாறு கேட்பவர் அதட்டிக் கேட்கமாட்டார். கையிலே ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு புன்னகையோடுதான் கேட்பார். அன்று சொல்ல வேண்டிய விடையை இன்றே வீட்டில் பேசி வைத்தல் நன்று. 1951இல் அந்த இளைஞர்களுக்கு அது ஒரே சொல்லாக இருந்தது.